'பயிலுநர்' என்ற சொல்லும் ஓர் இரயில் பாதையும்: ஜப்பானைப் பற்றி நாம் எழுதும் கருத்துக் கட்டுரைகள்



ஐந்தாம் படிவத்துக்கு நான் கொடுத்த தலைப்பு 'இன்றைய ஜப்பான்: என் பார்வை'. இருபத்து மூன்று கட்டுரைகள் வந்தன. திருத்தி முடித்தபோது ஒரே கட்டுரையை இருபது தடவைக்கு மேல் படித்த களைப்பு. அணுகுண்டு, சாம்பலிலிருந்து எழுந்த பறவை, நேரம் தவறாத இரயில், தங்கள் வகுப்பறையைத் தாங்களே கூட்டும் பிள்ளைகள், உலகக் கிண்ணப் போட்டி முடிந்ததும் அரங்கில் குப்பை பொறுக்கிய ரசிகர்கள். கடைசியில் 'ஆகவே நாமும் ஜப்பானியரைப் போல' என்று ஒரு முடிவுரை. சந்திப்பிழை குறைவு, பழமொழி உண்டு, பத்தி பிரித்திருக்கிறார்கள். மொழிக்குத் தாராளமாகப் புள்ளி போடலாம். ஆனால் தலைப்பில் 'என் பார்வை' என்று போட்டிருந்தேனே, அது எங்கே?

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. நாம கொடுக்கிற மாதிரிக் கட்டுரை அப்படி. 1982இல் 'கிழக்கை நோக்கும் கொள்கை' வந்ததிலிருந்து ஜப்பான் நம் மேடைப் பேச்சிலும் பயிற்சி நூலிலும் ஓர் உதாரண நாடு. உதாரண நாட்டுக்குப் பிரச்சினை இருக்கக் கூடாது. இருந்தால் உதாரணத்துக்கு உதவாது. அதனால் பிள்ளைகளும் ஜப்பானைப் பற்றி எதையும் யோசிக்காமல் பாராட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இன்றைய செய்தியைத் தொட்ட ஒருவன், சனாயே தக்காய்ச்சி 21.10.2025 அன்று ஜப்பானின் முதல் பெண் பிரதமரானதை எழுதி, 'பெண்ணுரிமை மலர்ந்துவிட்டது' என்று முடித்திருந்தான். அங்கே கணவன் மனைவி இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட திருமணங்களில் பெயரை மாற்றிக்கொள்பவர் மனைவி. விரும்பினால் தனிப்பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தைத் திருத்தக் கேட்கிறார்கள். அதை நெடுங்காலமாக எதிர்த்து வந்தவர் தக்காய்ச்சி. ஒரு செய்தித் தலைப்பைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகாமலே கருத்து எழுதினால் இப்படித்தான் ஆகும். அவனிடம் இதைச் சொல்லிவிட்டேன், அதோடு விடுகிறேன்.

நான் எழுத வந்தது இருபத்து மூன்றாவது கட்டுரையைப் பற்றி. எழுதியவள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அவள் கட்டுரையில் பாராட்டு இல்லை, வாதம் இருந்தது. ஜப்பானுக்குள் வெளிநாட்டவர் அதிகமாகிவிட்டார்கள். ஒழுங்கு கெடுகிறது, குப்பை சேர்கிறது. ஆகவே 'ஜப்பானியரே முதலில்' என்று அங்கே ஒரு கட்சி கேட்பது நியாயமே. இதுதான் அவள் கருத்து. கைப்பேசியில் பார்த்த காணொளிகளிலிருந்து எடுத்திருக்கிறாள். அந்தக் கட்டுக்குள் கருத்து என்று சொல்லத்தக்க ஒன்று இருந்தது இந்தக் கட்டுரையில் மட்டும்தான். எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத கருத்தும் அதுவே.

முதலில் அவள் சொன்னதில் எது உண்மை என்று பார்ப்போம். அப்படி ஒரு கட்சி இருக்கிறது. சான்செய்தோ என்பது பெயர். 20.7.2025 அன்று நடந்த மேலவைத் தேர்தலில் அந்த முழக்கத்தோடு நின்று 14 இடங்களை வென்றது. ஜப்பானில் வாழும் வெளிநாட்டவர் எண்ணிக்கை 2024 இறுதியில் 3.7 மில்லியனைத் தாண்டியதும் உண்மை. மக்கள்தொகையில் இது ஏறக்குறைய மூன்று விழுக்காடு. அவள் எழுதாமல் விட்டது இன்னொரு பக்கம். 2024இல் அங்கே பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் ஏழு இலட்சத்துக்கும் குறைவு. அந்த ஓராண்டில் மட்டும் ஜப்பானியரின் எண்ணிக்கை ஒன்பது இலட்சத்துக்கு மேல் குறைந்தது. வயதானவர்களைக் குளிப்பாட்டவும், முட்டைக்கோஸ் அறுக்கவும், மீன் பதப்படுத்தவும், கட்டடத்தில் கம்பி கட்டவும் ஆள் இல்லை. வெளிநாட்டவர் தாமாக வந்து நுழைந்துவிடவில்லை; ஆள் கேட்டு வரவழைத்திருக்கிறார்கள்.

எப்படி வரவழைத்தார்கள் என்பதில்தான் தமிழாசிரியருக்கு வேலை இருக்கிறது. 1993இல் ஜப்பான் ஒரு திட்டம் தொடங்கியது. வளரும் நாட்டு இளைஞர்கள் வந்து தொழில்நுட்பம் கற்றுத் திரும்பி, தங்கள் நாட்டை முன்னேற்றலாம் என்றார்கள். வந்தவர்களுக்கு வைத்த பெயர் 'ஜிஷ்ஷூசெய்'. என் மாணவி இதைப் 'பயிற்சியாளர்' என்று எழுதியிருந்தாள். நம்ம ஊரில் பயிற்சியாளர் என்றால் பூப்பந்து கோச்சு! 'பயிலுநர்' என்று திருத்திக் கொடுத்தேன். திருத்திய பிறகுதான் எனக்கே உறைத்தது. சொல் இப்போது சரி, பொருள் இன்னும் பொய். வியட்நாமிலிருந்து வந்த ஒரு பெண் மூன்று வருடம் கீரை கட்டுகிறாள். அவள் என்ன பயில்கிறாள்?

பயிலுநர் என்று பெயர் வைத்ததில் முதலாளிக்கு ஒரு வசதி உண்டு. தொழிலாளி என்றால் வேலை பிடிக்காவிட்டால் வேறு இடம் பார்ப்பார். பயிலுநர் ஒரு முதலாளியிடம் 'பயில' வந்தவர். சாதாரணமாக இடம் மாற அனுமதி கிடையாது. பலர் ஊரிலேயே முகவருக்குக் கடன்பட்டு வந்தவர்கள். சம்பளம் சரியில்லை, மேற்பார்வையாளர் அடிக்கிறார் என்றால் ஒரே வழி ஓடிப்போவது. 2023இல் மட்டும் அப்படி 9,753 பேர் போனார்கள். அரசாங்கப் புள்ளிவிவரத்தில் அவர்கள் 'காணாமல் போனவர்கள்'. காணொளிகளில் அவர்களே 'சட்டவிரோதக் குடியேறிகள்'. ஒரே ஆள்தான், பயிலுநராக வந்தார், காணாமல் போனவர் ஆனார், கடைசியில் குற்றவாளி ஆனார். ஒவ்வொரு படியிலும் பெயர் வைத்தவர் வேறு யாரோ.

ஜப்பானியர்களே இதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அங்குள்ள வழக்கறிஞர்களும் தொழிற்சங்கத்தினரும் பத்திரிகையாளர்களும் பல ஆண்டுகள் எழுதிப் போராடியதன் பலனாக, அந்தத் திட்டத்தையே கைவிடும் சட்டம் 2024 ஜூனில் நிறைவேறியது. 2027இல் வரும் புதிய முறையில், சில நிபந்தனைகளோடு முதலாளியை மாற்றிக்கொள்ள இடம் உண்டு. போதுமா என்பது வேறு விவாதம். ஆனால் 'ஜப்பான் இப்படி நினைக்கிறது' என்று எழுதும் மாணவர்களே, எந்த ஜப்பான் என்று ஒரு நிமிடம் கேளுங்கள். ஒரு கட்சி முழக்கம் போட்டதும் அங்கேதான், திட்டத்தை மாற்ற வைத்தவர்கள் இருப்பதும் அங்கேதான்.

இப்போது ரிங்லெட்டுக்கு வருகிறேன். என் வகுப்பறை சன்னலுக்கு வெளியே மலைச்சரிவில் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். பெர்தாம் பள்ளத்தாக்கு வரைக்கும் அதுதான் காட்சி. அங்கே மருந்தடிப்பவரும் தக்காளி பறிப்பவரும் பெரும்பாலும் வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், மியன்மாரியர், நேப்பாளியர். தேயிலையிலும் அப்படித்தான். நம் பாட்டிமார் கூடை மாட்டி நின்ற நிரையில் இன்று நிற்பவர்கள் அவர்கள். அவர்களும் முகவருக்குக் கடன்பட்டுத்தான் வருகிறார்கள். பர்மிட்டில் பெயர் போட்ட முதலாளியை விட்டு நகர முடியாது. ஞாயிற்றுக்கிழமை ரிங்லெட் கடைத்தெருவில் அவர்கள் கூட்டமாக நிற்கும்போது நம் ஆட்கள் சொல்வது 'பங்களாக்காரனுங்க வந்துட்டானுங்க'. வாயைத் திறந்து சொல்கிறேன், என் வீட்டிலும் இப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன்.

1929இல் போ தோட்டம் தொடங்கி இந்த மலையில் தேயிலை போட்டவர்கள் கொண்டுவந்த ஆட்களுக்கு அன்று என்ன பெயர்? கூலி. கங்காணி பிடித்து வந்த கூலி. பிறகு சங்கங்கள் வந்தன, பத்திரிகைகள் வந்தன, 'தோட்டப் பாட்டாளி' என்ற சொல்லை நாமே நமக்கு வைத்துக்கொண்டோம். அந்தச் சொல்லைப் பெறுவதற்கு இரண்டு மூன்று தலைமுறை ஆனது. அந்தப் பாட்டாளியின் கொள்ளுப்பேத்தி 'ஜப்பானியரே முதலில்' என்று எழுதுகிறாள். எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தில் தன் கொள்ளுத்தாத்தாவை எந்தப் பக்கம் நிறுத்துவாள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இதை அவளிடம் சொன்னபோது ஒன்று சொன்னாள். "டீச்சர், எங்க கொள்ளுத்தாத்தா தேயிலைக்கு வந்தவர் இல்ல. கீழே பேராக்ல கித்தா தோட்டம். ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்குப் போனாராம். திரும்பல." பெயர் கேட்டேன். பாட்டிக்குத்தான் தெரியும் என்றாள்.

இதைக் கட்டுரையில் ஏன் எழுதவில்லை என்றேன். "அது ஹிஸ்டரி டீச்சர், இது இன்றைய ஜப்பான்" என்றாள். தலைப்பை ஒழுங்காகப் படித்த பிள்ளை. அந்த வகையில் அவள் சொன்னது சரி. ஆனால் இந்த விஷயத்தில் பழைய ஜப்பானும் இன்றைய ஜப்பானும் அவ்வளவு சுலபமாகப் பிரிவதில்லை.

சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானிய இராணுவம் போட்ட பாதை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 25.10.1943 அன்று திறந்தார்கள். வேலை செய்த கைதிகள், அதாவது பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள், 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ ஏறக்குறைய 180,000 பேர். பாதிப் பேர் திரும்பவில்லை என்பது பொதுவான மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000க்கும் மேல். மிகப் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்.

அவர்களுக்கு ஜப்பானிய இராணுவம் வைத்த பெயர் 'ரோமுஷா'. அகராதியில் பார்த்தால் வெறும் 'உழைப்பாளி' என்றுதான் பொருள். கேட்க மரியாதையான சொல். மூன்று மாத ஒப்பந்தம், நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், அரிசி உண்டு என்று ஆசை காட்டினார்கள். கித்தா விலை போகாமல் தோட்டமே பட்டினி கிடந்த காலம். சிலர் நம்பிப் போனார்கள். போனவர் திரும்பாததால் அடுத்தவர் வரவில்லை. பிறகு கிராணியிடமும் கங்காணியிடமும் பெயர்ப் பட்டியல் கேட்டார்கள், லாரியோடு வந்து பிடித்தார்கள், இலவசப் படம் என்று கொட்டகைக்குள் கூட்டிக் கதவை மூடினார்கள். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியது. கைதிகளுக்காவது கூடவே தங்கள் இராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். கொதிக்க வைத்த நீரைத்தான் குடிக்க வேண்டும் என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். நம் ஆட்களுக்கு யாரும் இல்லை.

போருக்குப் பிறகு எடுத்த கணக்கில் மலாயாத் தொழிலாளர்களில் பதிவான இறப்பு ஏறக்குறைய 30,000. அதே கணக்கில் 24,000க்கும் மேற்பட்டோர் 'ஓடிப்போனவர்கள்' என்ற பத்தியில் வருகிறார்கள். காடு, காய்ச்சல், வாந்திபேதி, தெரியாத மொழி. அந்த இடத்திலிருந்து ஓடி எங்கே போயிருப்பார்கள்? மேலே 2023ஆம் ஆண்டுக் கணக்கில் 'காணாமல் போனவர்கள்' என்ற சொல்லைப் பார்த்தோமே, அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்று என்று சொன்னால் அபாண்டம்; ஒன்று இராணுவக் கொடுமை, மற்றது சட்டத்தின் ஓட்டை. ஆனால் ஆள் ஏன் போனார் என்ற கேள்வியை இரண்டு சொல்லுமே மூடி மறைக்கின்றன.

காஞ்சனபுரிக்குப் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். அங்குள்ள போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 கைதிகள் வரிசை வரிசையாக, பெரும்பாலும் பெயரோடு கிடக்கிறார்கள். நம்மவருக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. 1990இல் அதே ஊரில் ஒரு வயலைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஆசியத் தொழிலாளர்களுடையவை என்றுதான் கருதப்படுகிறது. பாலத்துக்கு அருகே 1944இல் ஜப்பானிய இராணுவமே ஒரு நினைவுத்தூண் கட்டியது. அதன் கல்வெட்டு மொழிகளில் தமிழும் ஒன்று! நாம் யார், எந்த மொழி பேசினோம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. மொழியைப் பொறித்தார்கள், ஒரு பெயரையும் பொறிக்கவில்லை.

தோக்கியோவில் யாசுகுனி ஆலயம் இருக்கிறது. ஜப்பானுக்காகப் போரில் இறந்த 2.4 மில்லியனுக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. அவர்களோடு முதல்நிலைப் போர்க்குற்றவாளிகள் 14 பேரையும் 1978இல் சேர்த்தார்கள். பிரதமரோ அமைச்சரோ அங்கே போனால் சீனாவும் கொரியாவும் எதிர்ப்பது அதனால்தான். அந்த ஆலயத்தின் அருங்காட்சியகக் கூடத்தில் நுழைந்ததும் ஒரு நீராவி இயந்திரம் நிற்கிறது. சி56 வகை, எண் 31. நம் பாதையின் திறப்பு விழாவில் ஓடியது அதுவே. 1979இல் தாய்லாந்திலிருந்து வாங்கிக் கொண்டுபோய்த் துடைத்து நிறுத்தியிருக்கிறார்கள். இயந்திரத்துக்குக்கூட ஓர் எண் இருக்கிறது. யாசுகுனியைப் பற்றி ஜப்பானில் இன்றும் நடக்கும் அரசியல் விவாதத்தில் சீனர், கொரியர் பெயர் வரும். பேராக் கித்தா தோட்டத்தின் பெயர் வராது. அங்கே அதைச் சொல்ல நம்மிடமிருந்து யாரும் போகவில்லை என்பதும் ஒரு காரணம்.

நாம் ஏன் சொல்லவில்லை? 21.9.1967இல் ஜப்பானும் மலேசியாவும் ஓர் ஒப்பந்தம் செய்தன. 2.94 பில்லியன் யென் மதிப்பில் பொருளும் சேவையும் தருவதாகப் பேச்சு. இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்தது. தனிமனிதருக்கு இழப்பீடு அதில் இல்லை. சயாமுக்குப் போனவரின் விதவைக்குக் கப்பலில் என்ன பங்கு? 1994 ஆகஸ்டில் ஜப்பானியப் பிரதமர் தொமீச்சி முராயாமா கோலாலம்பூருக்கு வந்தபோது, ஐம்பது ஆண்டுக்கு முந்தியதற்கு இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை என்றார் நம் பிரதமர். முதலீடு வேண்டிய நாட்டின் பிரதமர் அப்படிப் பேசியது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மன்னிப்பை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருடையதா என்பதை ஒரு விவாதக் கட்டுரைக்குத் தலைப்பாகவே வைக்கலாம். முராயாமா அடுத்த ஆண்டு 15.8.1995 அன்று மன்னிப்பு அறிக்கை வெளியிட்டார். 2015இல் ஷின்சோ அபே, போரோடு தொடர்பில்லாத இனிவரும் தலைமுறைகள் தொடர்ந்து மன்னிப்புக் கேட்கும் நிலை கூடாது என்றார். 15.8.2025 நினைவுநாளில் ஷிகெரு இஷிபா, பதின்மூன்று ஆண்டுகளாகப் பிரதமர்கள் விட்டுவிட்ட 'வருந்திச் சிந்தித்தல்' என்ற சொல்லைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒரு சொல் வந்ததும் போனதும் அங்கே தலைப்புச் செய்தி. இங்கே நாம் அதைக் கவனிக்கவே இல்லை.

"அப்போ ஜப்பான் மேல கோபப்படணுமா டீச்சர்?" என்று கேட்டாள். அபே சொன்னதில் பாதி நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஒசாக்காவில் இருக்கும் பதினேழு வயதுப் பையன் இவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இயந்திரத்தைப் பார்க்கப் போகும்போது அது எதன்மேல் ஓடியது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளுக்கு நகாசே தகாஷியைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பாதையில் ஜப்பானிய இராணுவக் காவல்துறைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். போருக்குப் பிறகு தன் வாழ்நாள் முழுவதும், நூறு தடவைக்கு மேல், தாய்லாந்துக்குப் போய்ப் பரிகாரம் தேடினார், 2011இல் இறந்தார். எல்லா ஜப்பானியரும் மறந்துவிட்டார்கள் என்று எழுதினால் இவரை எங்கே வைப்பது?

மறந்தவர் பட்டியலில் நம் பெயரும் உண்டு. குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய புகழ்பெற்ற ஆங்கிலப் படம் 1957இல் வந்தது. இலங்கையில் கித்துல்கலவில் எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தால் பாதையைக் கட்டியது வெள்ளைக்காரக் கைதிகள் மட்டும்தான் என்று தோன்றும். நம் மாணவர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' இரண்டும் நம் நாட்டிலேயே, நம் மொழியிலேயே எழுதப்பட்ட நாவல்கள். தேர்வுக்கு வராத புத்தகம் என்பதால் வகுப்பில் எடுப்பதில்லை. பாடத்தில் இல்லை என்று நான் சொல்லித் தப்பிக்கும் காரணமும் அதே.

தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் மட்டும் காட்டுகிறேன். 'ஜப்பானில் வெளிநாட்டவர் பெருகியதால் ஒழுங்கு சீர்குலைகிறது' என்பது அவளுடைய முதல் வாக்கியம். இதில் செயலைச் செய்தவர் யாரும் இல்லை. வெளிநாட்டவர் மழைபோல் பெருகுகிறார்கள். 'பிறப்பு குறைந்து ஆள் பற்றாக்குறை ஏற்பட்டதால், ஜப்பான் வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பயிலுநர் என்ற பெயரில் வரவழைத்தது' என்று எழுதினால் எழுவாய் வந்துவிடுகிறது, காரணம் வந்துவிடுகிறது. இதற்குப் பிறகும் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று வாதாடலாம், தடையில்லை. இன்னொன்று: இழப்பீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள், வாட்சாப்பில் சுற்றும் பெரிய பெரிய தொகைகளைக் கட்டுரையில் போடாதீர்கள். ஆவணத்தில் இருப்பது 1967 ஒப்பந்தம். அதுவே போதுமான வாதம் தரும்.

அவள் கட்டுரையைத் திரும்ப எழுதிக் கொண்டுவந்தாள். கொள்ளுத்தாத்தா இரண்டாம் பத்தியில் வந்திருந்தார், பாட்டியிடம் கேட்ட பெயரோடு. வங்காளதேசத் தொழிலாளர்களைப் பற்றியும் ஒரு பத்தி; 'பங்களாக்காரர்' என்று எழுதி அடித்திருந்தாள். முடிவு மாறவில்லை. ஒரு நாடு எத்தனை பேரை உள்ளே விடுவது என்பதை அந்த நாட்டு மக்கள்தான் தீர்மானிக்க வேண்டும், ஆனால் வரவழைத்த ஆளைப் பயிலுநர் என்று பொய் சொல்லி அழைக்கக் கூடாது என்று எழுதியிருந்தாள். முதல் பாதியோடு எனக்கு இன்னும் முழு உடன்பாடில்லை. புள்ளியில் கை வைக்கவில்லை.